நாலு கதவு உள்ள நாடகம்

போன வாரம் ஒரு தம்பி போன் செய்தார். இந்த வருடம்தான் முதல் முறையாக அரங்க வடிவமைப்புப் பாடம் எடுக்கப் போகிறார். "அண்ணே, முதல் செமஸ்டர் பசங்களுக்கு எந்த நாடகம் வைக்கலாம்? கோதோ வைக்கலாம்னு இருக்கேன். ஒரே ஒரு மரம்தானே, சிம்பிளா முடிஞ்சிடும்."

வேண்டாம் தம்பி என்று உடனே சொல்லிவிட்டேன். காரணத்தை போனில் சரியாகச் சொல்ல வரவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

நானும் பாடம் எடுத்த முதல் வருடம் அதைத்தான், சாமுவேல் பெக்கெட்டின் 'கோதோவுக்காகக் காத்திருத்தல்' நாடகத்தைத்தான், வைத்தேன். பெக்கெட் தன் நாடகத்துக்குக் கொடுத்திருக்கும் இடக்குறிப்பு மொத்தமே ஒரு கிராமத்துச் சாலை, ஒரு மரம், மாலை நேரம், அவ்வளவுதான். மாணவர்கள் பதினான்கு பேர், பதினான்கு மரங்கள் வந்தன. தர்மாகோலில் சில, கட்டுக்கம்பியில் சில, ஒருவன் வீட்டுக் கொல்லையிலிருந்து நிஜ முருங்கைக் கிளையையே ஒடித்து வந்துவிட்டான். எல்லாமே வறண்டு, கையை விரித்துக்கொண்டு நிற்கிற மரங்கள். ஏன் இப்படி என்று கேட்டால் "வெறுமை சார்" என்றார்கள். பக்கத்து மேசையில் "தனிமை சார்". இதில் எதை நான் தப்பு என்று சொல்வது? பதினான்கு பேருக்கும் மார்க் போட்டேன். அன்றைக்கு ஒருவரும் எதையும் கற்றுக்கொள்ளவில்லை, நான் உட்பட.

கேட்க வேண்டிய கேள்விகள் அந்த நாடகத்துக்குள்ளேயே இருந்தன. முதல் அங்கத்தில் மொட்டையாக நிற்கிற மரத்தில் இரண்டாம் அங்கத்தில் நாலைந்து இலைகள் இருக்கின்றன. இடைவேளையில் அவற்றை யார் வைப்பது? ஏணி வேண்டுமா, கை எட்டுமா? நாளைய காட்சிக்கு அதே இலைகளைக் கழற்றி எடுக்க முடியுமா? இரண்டு பேர் அந்த மரத்தில் தூக்குப் போட்டுக்கொள்ளலாமா என்று யோசிக்கிறார்களே, கிளை தாங்குமோ தாங்காதோ என்கிற சந்தேகம் பார்க்கிறவர்களுக்கும் வர வேண்டாமா? இதை எதையும் நான் கேட்கவில்லை. நானும் வெறுமையில் மூழ்கியிருந்தேன்.

(உடை வகுப்பு வரும்போது இப்போதும் அந்த நாடகத்தைத்தான் எடுக்கிறேன். முக்கியப் பாத்திரங்கள் நாலு பேருக்கும் ஒரே வகைத் தொப்பி. தூக்குப் பற்றி யோசிக்கிற இருவரில் ஒருவனான எஸ்ட்ரகன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்ததும் கால்சட்டை நழுவிக் காலடியில் விழ வேண்டும். அதே கயிற்றை இரண்டு பேர் பிடித்து இழுத்தால் அறுந்துபோக வேண்டும். இந்த இரண்டும் ஒவ்வொரு காட்சியிலும் தவறாமல் நடக்க வேண்டும். அங்கே யாரும் வெறுமை பற்றிப் பேசுவதில்லை, கயிறு பற்றித்தான் பேசுகிறார்கள்.)

என் கட்சி இதுதான். தப்பு செய்தால் தப்பு என்று காட்டிக்கொடுக்கிற நாடகமாக முதல் நாடகம் இருக்க வேண்டும். மாணவன் போட்டுவரும் தரைப்படத்தை, அதாவது மேடையை மேலிருந்து பார்க்கிற மாதிரி வரைந்த படத்தை, நாடகப் பிரதியோடு வைத்துப் பார்த்தால், இந்த ஆள் இந்தக் கதவால் வர முடியாது, வந்தால் அந்த ஆள் பார்த்துவிடுவாள் என்று விரல் வைத்துச் சொல்ல முடிய வேண்டும்.

அதற்கு எனக்குத் தெரிந்து இப்சனின் 'பொம்மை வீடு' போல ஒன்று இல்லை. 1879-இல் எழுதியது. பழசு, அந்நியம், கிறிஸ்துமஸ், கணப்பு என்று பசங்கள் முதலில் முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும். ஒரே அறை, நாலு கதவு, ஒரு சன்னல். பின்சுவரில் இரண்டு கதவு: ஒன்று வெளிக்கூடத்துக்கு, இன்னொன்று நாயகி நோராவின் கணவன் ஹெல்மரின் அறைக்கு. பக்கச் சுவர்களில் ஆளுக்கொன்று. வெளிக்கூடத்தில் தபால்பெட்டி. அதன் சாவி கணவனிடம் இருக்கிறது. அந்தப் பெட்டிக்குள் தன் வாழ்க்கையைப் புரட்டிப்போடும் கடிதம் கிடக்க, நோரா கணவனை அந்தப் பக்கம் போகவிடாமல் இழுத்துப் பிடிக்கிறாள். கடைசி அங்கத்தில் பெட்டியைத் திறக்கப்போன கணவன், பூட்டில் உடைந்த கொண்டை ஊசி ஒன்று மாட்டியிருக்கிறதே என்கிறான்.

சரி, தபால்பெட்டியை எங்கே வைப்பாய்? பார்வையாளர்களுக்குத் தெரிய வேண்டுமா? தெரிய வேண்டுமென்றால் கூடத்துக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்? கதவு திறந்திருக்கும்போது நோரா எங்கே நின்றால் பெட்டி மறையாது? இப்படி ஒரு பெட்டியை வைத்தே இரண்டு வகுப்பு ஓட்டலாம். ஓட்டியிருக்கிறேன்.

அப்புறம் அந்த கிறிஸ்துமஸ் மரம். முதல் அங்கத்தில் கொண்டுவந்து அலங்கரிக்கிறார்கள். இரண்டாம் அங்கம் திறக்கும்போது அலங்காரம் பிய்ந்து, மெழுகுவத்திகள் எரிந்து தீர்ந்து, பியானோ பக்கத்து மூலையில் நிற்கிறது. ஒரே பொருள், நடுவில் ஓர் இரவு. காலம் போனதைக் காட்ட விளக்கை அணைத்துப் போட்டால் போதும் என்று நினைக்கிற பையனுக்கு இது நல்ல மருந்து.

அந்நிய நாடகம்தான் வேண்டுமா என்று சண்டைக்கு வருகிறவர்களுக்கு மோகன் ராகேஷைச் சொல்வேன். 1958-இல் இந்தியில் வந்த 'ஆஷாட் கா ஏக் தின்'. மூன்று அங்கமும் காளிதாசனின் காதலி மல்லிகாவின் குடிசையில் ஒரே அறை. நடுவே வருடங்கள் ஓடுகின்றன. காளிதாசன் ஊரைவிட்டுப் போகிறான், பெரிய ஆளாகிறான், ஒருநாள் தோற்றுப்போய்த் திரும்பி வருகிறான். அறை அதே அறைதான், ஆனால் சுவர் உதிர்ந்து கிடக்கிறது. அவன் எழுதுவதற்கென்று மல்லிகா தன் கையால் தைத்து வைத்த வெற்றுத் தாள்கள் கசங்கி, கண்ணீர்க் கறையோடு கிடக்கின்றன. அந்தத் தாளை நாலாவது வரிசைக்காரன் பார்த்து, இது பழசு, இது அழுத தாள் என்று புரிந்துகொள்ள வேண்டும். தேயிலைத் தண்ணீரில் நனைத்துக் காயவைக்கிற வேலையெல்லாம் அங்கேதான் தொடங்கும்.

அந்த நாடகத்தை வடிவமைப்பு மாணவர்களுக்கு வைக்க எனக்கு ரகசியக் காரணம் ஒன்றும் உண்டு. இரண்டாம் அங்கத்தில் இளவரசி வருவதற்கு முன் அரசாங்க ஆட்கள் இருவர் அறையைச் சீர்செய்ய வருவார்கள். இதை அங்கே நகர்த்தலாமா, அதை இங்கே வைக்கலாமா என்று நீட்டி முழக்கி விவாதித்துவிட்டு, ஒரு சாமானையும் தொடாமல் போவார்கள். எங்கள் தொழிலின் கூட்டங்களில் உட்கார்ந்தவர்களுக்கு அந்தக் காட்சியின் அருமை தெரியும்.

கிரீஷ் கர்னாட்டின் 'துக்ளக்' வேண்டாமா என்றால், இரண்டாம் வருடம் வைக்கலாம். பதின்மூன்று காட்சிகள். முன்னால் ஆழமில்லாத காட்சி ஓடும்போது பின்னால் அடுத்த பெரிய காட்சிக்கு மேடை தயாராகும் என்கிற பார்சி நாடகக் கணக்கில் எழுதியது. நம் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் தெரு வரைந்த படுதா முன்னால் பபூன் சமாளிக்க, பின்னால் தர்பார் தயாராகுமே, அதே கணக்குதான். அற்புதமான பாடம். ஆனால் முதல் செமஸ்டரில் கொடுத்தால் பையன் நேராக இணையத்துக்குப் போய் இயக்குநர் அல்காசி தில்லியின் புராணா கிலா கோட்டையில் அந்த நாடகத்தைப் போட்டபோது எடுத்த படங்களைப் பார்த்துக் கோட்டையை வரைந்துவிடுவான். நிஜக் கோட்டையில் நடந்த நாடகத்தைப் பார்த்து அட்டைக் கோட்டை. அந்த வேலையில் அவன் யோசித்தது எதுவும் இருக்காது.

தெருக்கூத்தை ஏன் வைக்கவில்லை என்று ஒருவர் கோபமாகவே கேட்டார். கூத்தை இரவு முழுக்க உட்கார்ந்து பார்க்கச் சொல்கிறேன். ஒப்பனை அறையில் தோளில் புஜக்கட்டை கட்டுவதையும் கிரீடம் ஏற்றுவதையும் பார்க்கச் சொல்கிறேன். பயிற்சியாகத் தருவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்தி நிலைபெற்ற விடை அது. நேற்று சேர்ந்த பிள்ளையிடம் கொடுத்து "புதுசா யோசி" என்றால், துரியோதனனுக்கு எல்.ஈ.டி. மாலை போட்டுக்கொண்டு வருவான். வந்திருக்கிறான்.

தம்பிக்கு இன்னொன்றும் சொன்னேன். முதல் வரைபடம் கைக்கு வரும்வரை எந்தப் பழைய தயாரிப்பின் படத்தையும் காட்டாதே. மூன்று முறை பிரதியைப் படிக்கச் சொல். நீ இயக்க ஆசைப்படும் நாடகத்தை வைக்காதே, வைத்தால் அவர்கள் உன் மனசில் இருக்கிற செட்டைத்தான் ஊகித்துக்கொண்டிருப்பார்கள்.

'பொம்மை வீடு' கடைசியில் கதவு சாத்தும் சத்தம் உலகப் புகழ் பெற்றது. அதனால் எல்லா வருடமும் மாணவர்கள் மேடையில் பெரிய, கனமான கதவு ஒன்றைச் செய்து வருவார்கள். பிரதியைப் பார்த்தால் சத்தம் கீழேயிருந்து வருகிறது. வீடு மாடியில் இருக்கிறது, சாத்தப்படுவது தெருக்கதவு. அது மேடையில் கிடையவே கிடையாது.

போன வருடம் ஒரு பெண் கொண்டுவந்த தரைப்படத்தில், விங்ஸுக்கு, அதாவது மேடையின் பக்க மறைப்புக்கு, அப்பால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் ஒரு படிக்கட்டு வரைந்திருந்தாள். இது எதற்கும்மா, யாருக்கும் தெரியாதே என்றேன். நோரா போன பிறகு ஹெல்மர் நாற்காலியில் சாய்ந்து, அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, எழுந்து சுற்றிப் பார்த்து, கடைசி வரியைப் பேசி முடிக்கிறவரைக்கும் அவள் இறங்கிக்கொண்டே இருக்க வேண்டுமே சார் என்றாள். அறைத் தோழியைப் பேசவைத்து, விடுதி மாடிப்படியில் தானே இறங்கிப் பார்த்திருக்கிறாள். தரைப்படத்தின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருந்தது: 22 படி, நடுவில் ஒரு திருப்பம்.