கிராண்ட் கேன்யன்: இறங்கினால் குளிராது, கொதிக்கும்

"அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கில் கோடையில் மேலேதான் வெயில். கீழே ஆறு ஓடுவதால் இறங்க இறங்கக் குளிரும். காலையில் இறங்கிக் குளித்துவிட்டு மாலைக்குள் ஏறிவிடலாம்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. இது தவறு.

மலையேறினால் குளிரும் என்பது நமக்குத் தெரியும். இங்கே நாம் நிற்பதே மலையுச்சி. பள்ளத்தாக்கின் தெற்கு விளிம்பு சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கொலராடோ ஆறு ஏறத்தாழ 1,400 மீட்டர் கீழே ஓடுகிறது. ஜூலைப் பகலில் விளிம்பில் 30 டிகிரி செல்சியஸுக்குள் இருக்கும்போது, அடியில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். வெயில் குடித்த பாறைகள் அந்திக்குப் பிறகும் அடுப்புக்கல்லைப் போல அனல் வீசும்.

ஆறு சில்லென்றிருப்பது மட்டும் உண்மை. கிளென் கேன்யன் அணையின் ஆழத்திலிருந்து வரும் நீர் அது. ஆனால் இழுப்பு பலமானது, குளிக்க ஏற்றதல்ல.

இறங்கும்போது காலைக் குளிர்ச்சி. ஏறும்போது உச்சி வெயில். மாட்டிக்கொள்வது அங்கேதான். ஒரே நாளில் ஆறுவரை போய்த் திரும்ப வேண்டாம், கோடையில் காலை 10 முதல் மாலை 4 மணிவரை பள்ளத்தாக்குக்குள் நடக்க வேண்டாம் என்று கிராண்ட் கேன்யன் பூங்காவை நிர்வகிக்கும் அமெரிக்கத் தேசியப் பூங்கா சேவை எச்சரிக்கிறது. வெறும் தண்ணீரையே குடித்துக்கொண்டிருப்பதும் ஆபத்து. உப்புள்ள தின்பண்டமும் வேண்டும்.

அன்றைய வெப்பநிலையையும் பாதையில் குடிநீர் உண்டா என்பதையும் பூங்காவின் அதிகாரப்பூர்வ இணையதளத்தில் பார்க்கலாம். அந்த வாட்ஸ்அப் தகவல் உங்களுக்கு வந்தால், தயவுசெய்து மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.