யூவி இருந்தால் வடிகட்டி வேண்டாமா?
"நீரிலுள்ள கிருமியைப் புற ஊதா ஒளியால் முடக்கும் யூவி கருவி வைத்துவிட்டால் மீன்குஞ்சு பொரிப்பகத்தில் நோயே வராது, வடிகட்டி வீண் செலவு" என்று ஒருவர் எழுதியிருப்பது தவறு. நம்பிச் செய்தால் குஞ்சுகள்தான் சாகும். யூவி விளக்கு தரும் 254 நானோமீட்டர் அலைநீள ஒளி, விளக்கைக் கடந்து ஓடும் நீரில் உள்ள கிருமியை மட்டுமே முடக்கும். தொட்டிக்குள் ஏற்கெனவே இருப்பதையும், தாய்மீனிடமிருந்து முட்டைக்குள் வருவதையும் தொடாது. கலங்கல் நீரில் துகளின் மறைவில் கிருமி தப்பிவிடும். அதனால் வடிகட்டி முதலில், யூவி அப்புறம்.

ஒளியின் அளவும் முக்கியம். ட்ரவுட் என்ற குளிர்நீர் மீனின் குஞ்சுகளைத் தாக்கும் ஐ.எச்.என். வைரஸ் (இரத்தம் உருவாகும் திசுக்களை அழிப்பது) குறைந்த அளவிலேயே செயலிழக்கும், ஐ.பி.என். வைரஸுக்கு (கணையத்தை அழிப்பது) அதைப்போலப் பல மடங்கு வேண்டும். விளக்கைச் சுற்றியுள்ள கண்ணாடி போன்ற குவார்ட்ஸ் உறையில் வெள்ளையாகப் படியும் சுண்ணாம்பைத் துடைக்காமல் விட்டால், விளக்கு நீலமாக எரிந்துகொண்டே இருக்கும், ஒளி நீருக்குப் போய்ச் சேராது.