கப்பி ஆலன் எங்கே?

பாடிலைன் தொடர் (ஆஸ்திரேலிய பேட்ஸ்மேன்களின் உடம்பைக் குறிவைத்து இங்கிலாந்து பந்துவீசிய கிரிக்கெட் தொடர்) பற்றிய கட்டுரையை இங்கிலாந்து கேப்டன் ஜார்டின், வேகப்பந்து வீச்சாளர் லார்வுட் இருவரோடு முடித்துவிட்டீர்களே! கப்பி ஆலன் எங்கே? அதே அணியின் இன்னொரு வேகப்பந்து வீச்சாளர்; 1932-33இல் நடந்த அந்தத் தொடரில் கேப்டன் சொல்லியும், உடம்பைக் குறிவைத்துப் பந்துவீச மாட்டேன் என்று மறுத்தவர். அப்படியும் 21 விக்கெட். சம்பளம் வாங்காத அமெச்சூர், அதனால் மறுக்க முடிந்தது. சுரங்க வேலையிலிருந்து வந்து, சம்பளத்துக்கு ஆடிய லார்வுட்டால் முடியுமா? கடைசியில் பழியும் லார்வுட் தலையில்தான். ஆலனுக்கோ 1936-37 ஆஸ்திரேலியப் பயணத்தில் கேப்டன் பதவி. (முதல் இரண்டு டெஸ்டையும் ஜெயித்துவிட்டு, 3-2 என்று தொடரைக் கோட்டை விட்டது வேறு கதை.) 1929இல் லார்ட்ஸில் லங்காஷயர் கவுண்டி அணிக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 40 ரன்னுக்கு 10 விக்கெட் எடுத்தாரே, அன்றைக்கு வேலைக்குப் போய்விட்டுத் தாமதமாக வந்ததால் புதுப் பந்துகூட அவருக்குக் கிடைக்கவில்லை!