சான்றிதழ் ஃபைலில் இருக்கட்டும், வகுப்புக்கு வாங்க

திருகோணமலையில் முன்பள்ளி ரீச்சர்மாருக்கு இன்னொரு ஒருநாள் செயலமர்வு. தலைப்பு உட்படுத்தல் கல்வி, அதாவது விசேட தேவையுள்ள பிள்ளைகளையும் மற்றப் பிள்ளைகளோடு ஒரே வகுப்பில் சேர்த்துப் படிப்பிப்பது. ஈச்சிலம்பற்று, மூதூர்ப் பக்கத்து ரீச்சர்மார் விடியவே பஸ் ஏற வேண்டும். வளவாளர் திரையில் காட்டுவதை எல்லோரும் போனில் படம் பிடிப்பார்கள். பகல் சாப்பாடு, குரூப் போட்டோ, சான்றிதழ். சரி, ரீச்சருடைய ஃபைல் தடித்தது. வகுப்பில் என்ன மாறியது?

விசேட தேவையுள்ள பிள்ளையைச் சேர்ப்பது என்றதும் பலரும் வாசலில் சாய்தளம் கட்டுவதைத்தான் பேசுகிறார்கள். அதுவும் வேண்டும்தான். ஆனால் மூன்று, நான்கு வயதில் பல பிள்ளைகளுக்கு என்ன பிரச்சினை என்று வீட்டுக்கே தெரிந்திருக்காது. ரீச்சர் கண்ணில்தான் முதலில் படும்.

எனக்குத் தெரிந்த ஒரு முன்பள்ளியில் ஒரு சின்னப்பெண். கதை நேரத்தில் எழும்பி ஓடுவாள், கூப்பிட்டால் திரும்பமாட்டாள். சரியான குழப்படி என்று பேர். பக்கத்து முன்பள்ளியிலிருந்து வந்த மூத்த ரீச்சர் ஒருவர் ஒரு காலை முழுக்க மூலையில் இருந்து பார்த்துவிட்டு, “முகத்துக்கு நேரே சொன்னால் செய்றாள், பின்னால நின்று சொன்னால்தான் செய்றாளில்லை. காதைக் காட்டச் சொல்லுங்கோ” என்றார். ஆஸ்பத்திரியில் பார்த்தபோது செவிப்பறைக்குப் பின்னால் நீர் கட்டியிருந்தது. தடிமன் அடிக்கடி வரும் பிள்ளைகளிடம் சாதாரணமாகக் காணப்படுவதுதான். சிகிச்சை ஒரு பக்கம் நடக்க, ரீச்சர் கதை சொல்லும் இடத்தை மாற்றினார். யன்னலுக்கு முதுகு காட்டி நின்றால் முகம் இருண்டுவிடும், வாயசைவு தெரியாது. வெளிச்சம் முகத்தில் விழ நின்றார். பாட்டுக்குக் கையசைவு சேர்த்தார். சல்லிக்காசு செலவில்லை.

இதை எந்த பவர்பொயின்டில் படிப்பது?

நம்ம ஊரில் இன்னொரு சிக்கலும் உண்டு. வீட்டில் ஒரு மொழி, முன்பள்ளியில் வேறு மொழி என்று வரும் பிள்ளை மாதக்கணக்கில் வாய் திறக்காமல் இருக்கலாம். அது வேறு, பேச்சுத் தாமதம் வேறு. வீட்டு மொழியில் எப்படிப் பேசுகிறது என்று தாயிடம் கேட்டாலே பாதி விளங்கும். கிளினிக்கில் கொடுக்கும் பிள்ளையின் வளர்ச்சிப் பதிவேட்டையும் சேர்க்கும்போதே வாங்கிப் பார்க்கலாம். பலர் பிறப்புச் சான்றிதழோடு விட்டுவிடுகிறார்கள்.

மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 24ஆம் உறுப்புரை எல்லா மட்டத்திலும் உட்படுத்தல் கல்வி என்கிறது. இங்கே இலவசக் கல்வியே தரம் 1இல்தான் தொடங்குகிறது. அதற்கு முந்திய வருடங்களைத் தாங்குபவர்கள் பெற்றோர் கட்டும் காசிலும் சின்னக் கொடுப்பனவிலும் காலம் தள்ளும் இந்த ரீச்சர்மார்தான். அவர்களிடமே இன்னும் உழைப்புக் கேட்பதற்கு எனக்கு வாய் வரவில்லை.

ஆகவே கேட்பது அதிகாரிகளிடம். மண்டப வாடகைக்கும் பைக்கும் பேனாவுக்கும் போகும் காசில், அனுபவமுள்ள ரீச்சர்மாரை மற்ற முன்பள்ளிகளுக்கு மாதம் ஒரு காலையாவது அனுப்புங்கள். பஸ் காசோடு அன்றைய கொடுப்பனவும் கொடுங்கள். அப்புறம், முக்கியமாக, அவர் போகும் நாளில் அவருடைய வகுப்புப் பிள்ளைகளைப் பார்க்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை ஒழுங்குபண்ணாவிட்டால் இந்தத் திட்டமும் கடதாசியில்தான் கிடக்கும்.