மரக்கப்பல் என்பதால்தான் உடைந்ததா? பரவும் தகவல் தவறு

பவளப்பாறையில் சிக்கிய போர்க்கப்பல், பக்கவாட்டில் உரிந்து தெரியும் மரப்பலகை. "உலகப்போர்க் காலத்து மரக்கப்பலுக்குப் பெயின்ட் அடித்து ஓட்டுகிறது அமெரிக்கா, அதான் உடைந்தது" என்ற வரியோடு வாட்ஸ்அப்பில் இந்தப் படம் சுற்றுகிறது.

படம் சரி, வரிதான் தப்பு. 2013 ஜனவரி 17 அன்று பிலிப்பைன்ஸின் துப்பதாஹா பவளப்பாறையில் தரைதட்டிய அமெரிக்கக் கடற்படைக் கப்பல் 'கார்டியன்' அது. 1980களில் கட்டப்பட்ட அவெஞ்சர் வகைக் கப்பல். கடற்கண்ணிவெடிகளைத் தேடி அழிப்பது அதன் வேலை.

மரம் சிக்கனத்துக்காக அல்ல. கடலடியில் கிடக்கும் கண்ணிவெடிகளில் பல, மேலே போகும் இரும்பின் காந்தப்புலத்தை உணர்ந்து வெடிப்பவை. அதனால் ஓக், டக்ளஸ் ஃபிர், அலாஸ்கா சீடர் பலகைகளால் உடலைக் கட்டி, வெளியே கண்ணாடியிழை போர்த்தினார்கள். எஞ்சின்கூடக் காந்தத்தன்மை குறைந்த ரகம். இதே வேலைக்கான பிரிட்டனின் ஹன்ட் வகைக் கப்பல்களுக்கு உடலே கண்ணாடியிழை பிளாஸ்டிக்தான். (அதற்கும் ஒரு ஃபார்வேர்டு வருமோ என்னவோ!)

சரி, ஏன் தரைதட்டியது? மின்னணு வரைபடம் ஒன்று அந்தப் பாறையைச் சுமார் 8 கடல்மைல் தள்ளிக் காட்டியது. மாலுமிகளும் வழிசெலுத்தல் விதிகளைச் சரியாகப் பின்பற்றவில்லை என்று அமெரிக்கப் பசிபிக் கடற்படையின் விசாரணை சொன்னது. அந்த அறிக்கை 2013 ஜூனில் வெளியானது, இணையத்தில் தேடிப் படிக்கலாம். கப்பல் துண்டுதுண்டாக இருக்கும் படங்களும் வருகின்றன; பாறைக்கு மேலும் சேதம் வராமல் அகற்ற, அமெரிக்கக் கடற்படையே அறுத்தெடுக்க வைத்ததுதான் அது.

இந்தச் செய்தி உங்களுக்கு வந்தால் தயவுசெய்து பகிர வேண்டாம். அனுப்பியவருக்கு இந்த விளக்கத்தை அனுப்புங்கள்.