கூண்டுக் கோழியும் கொறங்காட்டு ஆடும்

"அம்மா, கூண்டுக் கோழிக்கு எவ்வளவு இடம் கொடுக்கறாங்க தெரியுமா?" என்று மகள் கேட்டது போன மாதம், ஞாயிற்றுக்கிழமை மதியம். அவள் வீகன் ஆகி ஒரு வருடம் ஆகிறது. கறி, முட்டையோடு பால், தயிர், நெய்யும் நிறுத்திவிட்டாள். அவளுக்குக் கொள்ளுப்பருப்பு கடைந்து வைத்துவிட்டு, எங்களுக்குக் கோழிக்குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தேன்.

தெரியும் கண்ணு என்றேன். நாமக்கல் பக்கம் சொந்தக்காரர் பண்ணையில் பார்த்திருக்கிறேன். அடுக்கடுக்காகக் கம்பிக் கூண்டு. ஒரு கோழிக்குக் கிடைப்பது ஜெராக்ஸ் எடுக்கும் ஏ4 தாளைவிடக் குறைந்த இடம். றெக்கையை விரிக்க முடியாது. மண்ணைக் கிளறுவது என்றால் என்னவென்றே அதற்குத் தெரியாது. முட்டைக்கோழி இனத்தில் சேவல் குஞ்சு பொரித்தால், அதனால் பயனில்லை என்று பொரிப்பகத்திலேயே கொன்றுவிடுகிறார்கள். பல்லடம் பக்கத்துக் கறிக்கோழி கொட்டகையில் தரையில்தான் வளர்கிறது. ஆனால் நாற்பது நாளில் இரண்டு கிலோ ஏற வேண்டும் என்றே உருவாக்கிய உடம்பு அது, பல கோழிகளுக்குக் கால் தாங்குவதில்லை. வளர்க்கிறவரும் அதில் செழித்துவிடவில்லை. குஞ்சும் தீவனமும் கம்பெனி கொடுக்கும். கொட்டகை போட்ட கடனும் கரண்டு பில்லும் நம் ஆள் தலையில். கையில் வருவது கிலோவுக்கு இத்தனை ரூபாய் என்ற வளர்ப்புக் கூலி.

இதற்கெல்லாம் என்னிடம் பதில் இல்லை. காலங்காலமாகச் சாப்பிடுகிறோம் என்று சொல்லித் தப்பிக்கவும் மனசு வரவில்லை. என் அம்மிச்சி, அதாவது அம்மாவைப் பெற்றவள், அறுத்த கோழி, குப்பைமேட்டைக் கிளறி, மரத்தில் அடைந்து வாழ்ந்த கோழி.

அடுத்து அவள் பால் பற்றிச் சொன்னதை நம் ஊர்ச் சைவக்காரர்கள்தான் கேட்டிருக்க வேண்டும். மாடு கன்று ஈன்றால்தான் பால். கலப்பின மாட்டுக்குக் காளைக்கன்று பிறந்தால் அதை உழவுக்கும் யாரும் கேட்பதில்லை, வண்டிக்கும் கேட்பதில்லை. கொஞ்ச நாளில் வியாபாரி வந்து பிடித்துப் போகிறார். வற்றிப்போன மாடும் அப்படித்தான் போகிறது. எங்கே போகிறது என்று சொசைட்டியில் பால் ஊற்றும் நாமும் கேட்பதில்லை, காப்பி குடிக்கிறவரும் கேட்பதில்லை.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. மகனுக்குக் கோவையில் வாடகை வீடு பார்த்தபோது, அட்வான்ஸ் பேசி முடித்த பிறகு, "நீங்க சைவம்தானுங்களே?" என்று கேட்டார் வீட்டுக்காரர். இல்லைங்க என்றதும் வீடு இல்லை என்றாகிவிட்டது. 2014இல் மத்திய அரசு எடுத்த கணக்கில் தமிழ்நாட்டில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் அசைவம் சாப்பிடுகிறவர்கள். அந்தக் கேள்வி சாப்பாட்டைப் பற்றியதே இல்லை, சாதியைப் பற்றியது. உயிர்மேல் இரக்கப்பட்டு என் மகள் கறியை விட்டதும், மனுசரைத் தள்ளி வைக்கச் சைவம் பேசுவதும் ஒன்றாகிவிடாது. அவளை மதிக்கிறேன். அந்த வீட்டுக்காரரை மதிக்க முடியவில்லை.

ஆனால் ஒன்றில் அவளோடு ஒத்துப்போக முடியவில்லை. "ஆடு மேயற நிலத்துல பயிர் வெச்சா இன்னும் நிறையப் பேர் சாப்பிடலாமேம்மா" என்றாள். மறுநாள் அவளைத் தாராபுரம் ரோட்டில் என் அப்பாவின் கொறங்காட்டுக்கு, அதாவது வேலி போட்ட மேய்ச்சல் காட்டுக்கு, கூட்டிப் போனேன். மழை நிழல் பூமி. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேலான் மரம். இதில் நெல்லோ காய்கறியோ வைக்க வேண்டுமானால் ஆயிரம் அடிக்கு போர் போட வேண்டும், போட்டாலும் தண்ணீர் நிச்சயமில்லை. மனுசர் தின்ன முடியாத இந்தப் புல்லை மேச்சேரி ஆடும் காங்கேயம் மாடும் தின்கின்றன. கோடையில் புல் காய்ந்தால் வெள்வேலங்காய் உதிர்ந்து பசி தாங்க வைக்கும். புழுக்கை அதே மண்ணுக்குப் போகிறது. மக்காச்சோளமும் சோயாவும் தின்று வளரும் கறிக்கோழிக்கு அவள் கணக்கு சரி. கொறங்காட்டு ஆட்டுக்கு அது பொருந்தாது. ஆட்டை விட்டுவிட்டால் இந்த நிலம் கம்பங்காடு ஆகப்போவதில்லை. வீட்டுமனை சைட் ஆகும். பக்கத்துக் காட்டில் கிளுவையைப் பிடுங்கி மனைக்கல் நட்டிருக்கிறார்கள், அவளே பார்த்தாள்.

அப்புறம் முட்டை. சத்துணவுக் கூடத்தில் 22 வருடம் வேலை பார்த்தவள் நான். 1989இல் இரண்டு வாரத்துக்கு ஒரு முட்டை என்று ஆரம்பித்தது, 2010இல் வாரம் ஐந்து என்று ஆனது. தறிப்பட்டறையிலும் செங்கல் சூளையிலும் வேலை செய்கிறவர்களின் பிள்ளைகள், முதல் வாய்க்கு முட்டையைத் தொடாமல் தட்டின் ஓரத்தில் ஒதுக்கி, கடைசியில் தின்பதைப் பார்த்திருக்கிறேன். வேண்டாம் என்கிற பிள்ளைக்கு வாழைப்பழம் உண்டு, அது சரிதான். ஆனால் பி12 என்ற வைட்டமின் செடி கொடிகளிலிருந்து கிடைக்காது, என் மகளே அதற்கு மாத்திரை போடுகிறாள். சூளைக்காரர் பிள்ளைக்கு மாத்திரை யார் வாங்கிக் கொடுப்பது? அந்த முட்டையில் யாரும் கை வைக்கக் கூடாது.

அந்த முட்டையும் கூண்டிலிருந்துதான் வருகிறது என்பது எனக்கு உறுத்துகிறது. பள்ளிக்கு இத்தனை முட்டை வாங்கும் அரசு, கொள்முதல் ஒப்பந்தத்திலேயே கோழிக்கு இவ்வளவு இடம் வேண்டும் என்று எழுதலாம். ஒரே நாளில் முடியாது, ஐந்து வருடம் கொடுங்கள், கொட்டகை மாற்றப் பண்ணைக்காரருக்குக் கடன் கொடுங்கள். முட்டை விலை ஏறும். ஏறட்டும், அதை நம் வரியிலிருந்து கொடுப்போம். இதைத் தமிழ்நாடு முதலில் செய்ய வேண்டும் என்பது என் ஆசை.

எங்கள் வீட்டில் இப்போது கறிக்கோழி வாங்குவதில்லை. ஞாயிறுதோறும் இருந்த கறி மாதம் இரண்டு முறை ஆகிவிட்டது, அதுவும் கொறங்காட்டில் மேய்ந்த ஆடுதான். மற்ற நாளில் அரிசியும்பருப்பு, கம்மங்கூழ், பச்சைப்பயறுக் கடைசல். கொங்கு வீடுகளில் வாரத்தில் பெரும்பாலான நாள் எப்போதும் இதுதானே.

தை மாதம் கருப்பணசாமி கோயிலில் கிடா வெட்டு. வருகிறாயா கண்ணு என்று கேட்டேன். வருவேன், வெட்டும்போது மட்டும் அங்கே நிற்க மாட்டேன் என்றாள். பொங்கல் வைக்க அவளை வைத்துக்கொள்கிறேன், அவள் பங்குக்கு நெய் ஊற்றாமல்.