பாலத்தைத் திறந்துட்டு கேட்டை மூடுங்க

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்ல காத்து நின்னவங்களுக்கு இது சட்டுனு புரியும். பாலம் திறக்காம கேட்டை ஒரேயடியா மூடிட்டா வண்டி எந்தப் பக்கம் போகும்? ஆயிரக்கணக்கான பேர் தங்களோட புரோகிராம்ல நம்பி இருக்கிற லைப்ரரியில (மத்தவங்க எடுத்துப் பயன்படுத்தன்னு எழுதி வச்ச கோடு) ஒரு பழைய ஃபங்ஷனைத் தூக்கும்போதும் இதே கேள்விதான். பழைய வழியும் புது வழியும் ஒரே வெர்ஷன்ல சேர்ந்து ஓடுற காலம் கட்டாயம் வேணும்.

பைத்தான்ங்கிற புரோகிராமிங் மொழியோட 3.0 வெர்ஷன் வந்தது 2008 டிசம்பர்ல. ஸ்ட்ரிங்குக்கு (மேற்கோள் குறிக்குள்ள எழுதுற டெக்ஸ்ட்) முன்னாடி 'யூ' (u) போடுற பழைய எழுத்து முறையை அதுல எடுத்துட்டாங்க. ஒரே ஃபைலை 2லயும் 3லயும் ஓட்ட நினைச்சவங்களுக்கு அது பெரிய முட்டுக்கட்டை. 2012ல, 3.3ல அதைத் திரும்பக் கொண்டு வந்தாங்க. அந்த நாலு வருஷத்தைத் தவிர்த்திருக்கலாம்.

எச்சரிக்கை போட்டுட்டோமேன்னு நிம்மதியா இருக்காதீங்க. பைத்தான்ல டெப்ரிகேஷன் வார்னிங், அதாவது 'இது சீக்கிரம் போயிடும்'னு சொல்ற எச்சரிக்கை, பெரும்பாலும் கண்ணுக்கே தெரியாது. நேரா ஓட்டுற மெயின் ஃபைல்ல இருந்து கிளம்பினாதான் காட்டும், அதுவும் 3.7ல இருந்துதான். வார்னிங் யாரோட வரியைக் காட்டணும்னு சொல்ற எண்தான் ஸ்டாக்லெவல். அதை 2ன்னு கொடுக்காம விட்டா, வார்னிங் உங்க லைப்ரரியோட வரியையே காட்டும். அதனால எந்த வார்னிங்கைக் காட்டணும்னு முடிவு பண்ற பைத்தானோட வழக்கமான ஃபில்டர் அதை அப்படியே விழுங்கிடும். கூப்பிட்டவரோட வரியைக் காட்டணும். பதிலுக்கு எதை எழுதணும், எந்த வெர்ஷன்ல பழசு போகும், ரெண்டும் அந்த வாக்கியத்துலயே இருக்கணும். லைப்ரரியைப் பயன்படுத்துறவங்க, வார்னிங்கை எரரா மாத்தி உங்க டெஸ்ட்டை ஓட்டிப் பாருங்க. டெஸ்ட் ஓட்டுற டூலான பைடெஸ்ட் வார்னிங்கைத் தானாவே காட்டும், அதைத் தாண்டிப் போகாதீங்க.

எண் கணக்குக்கான பைத்தான் லைப்ரரி நம்பை (NumPy). அதோட 1.20, 2021 ஜனவரியில 'என்பி.ஃப்ளோட்' (np.float)ங்கிற பேர் வேண்டாம்னு சொல்லிட்டு 1.24லதான், 2022 டிசம்பர்ல எடுத்துச்சு. பதிலுக்குச் சொன்ன, பைத்தான்லயே இருக்கிற வெறும் 'ஃப்ளோட்' எல்லா வெர்ஷன்லயும் ஓடும். கிட்டத்தட்ட ரெண்டு வருஷ அவகாசம். இது சரியான முறை.

எனக்கு உண்மையிலேயே பயம் வேற ஒண்ணுல. பேர் அதே, அர்த்தம் மட்டும் மாறுறது. பைத்தான் 2ல மூணை ரெண்டால வகுத்தா 1, பைத்தான் 3ல 1.5. எரரே வராது. எம்.சி. ரோடு துணிக்கடை பில்லிங்ல டஜன் விலையை 12ஆல வகுக்கிற வரி இருந்தா, தொகை மட்டும் சத்தமில்லாம மாறும். கணக்கு முடிக்கும்போதுதான் தெரியும். அர்த்தம் மாறினா புதுப் பேர் கொடுங்க. பழைய பேரேதான் வேணும்னா முதல்ல வார்னிங், அப்புறம் ஒரு ரிலீஸ் முழுக்க அந்தப் பேரைக் கூப்பிட்டா எரர், அதுக்கு அடுத்த ரிலீஸ்லதான் புது அர்த்தம்.